மேஸ்திரி தின்ன ஆரம்பித்தான்

செப்டம்பர் 4, வியாழன்

இந்த டைரி அவருடையது. தை மாதம் தீவனக் கடைக்காரர் சும்மா கொடுத்தது. செப்டம்பர் பத்தாம் பக்கத்தில் 'மயிலை ஈனும்' என்று இரண்டே சொல் எழுதி வைத்திருக்கிறார். மற்றதெல்லாம் வெறும் தாள். தீவனச் சாக்கைக்கூட அலசிக் காயப்போட்டு எடுத்து வைக்கிறவள் நான். இவ்வளவு தாளை வீணாக விட மனசு வரவில்லை.

அவர் ஆடிக் கடைசியில் போனார். காட்டில் வேலி அடைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். காரியம் முடிந்து சொந்தபந்தமெல்லாம் கிளம்பியாயிற்று. மகன் பூபதியும் திங்கட்கிழமை ஓசூருக்குப் போய்விட்டான். போகும்போது வாசலில் நின்று, "ஆடு மாட்டையெல்லாம் வித்துப்போட்டு என்றகூட வந்துரும்மா. இந்தக் காட்டுல தனியா என்ன பண்ணுவே?" என்றான். "நீ பஸ்ஸப் புடிடா மொதல்ல" என்றேன். மயிலையோடு இரண்டு பசு, இருபத்தாறு செம்மறி, கிளுவை வேலி போட்ட எட்டு ஏக்கர் மேய்ச்சல் காடு. இதில் தனியாக என்று எதை வைத்துச் சொல்கிறான் என்று தெரியவில்லை.

கவலையெல்லாம் மேஸ்திரியைப் பற்றித்தான். அவர் வளர்த்த நாய். ஆடு மேயும்போது ஒரு வேலையும் செய்யாமல் மேட்டில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறான் என்று அவரே வைத்த பேர். அவர் போனதிலிருந்து சோற்றை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மோரை மட்டும் நாலு நக்கு நக்குகிறான். விலா எலும்பெல்லாம் தெரிகிறது. கறிக்குழம்பு ஊற்றி வைத்தேன், முட்டை உடைத்து ஊற்றினேன், அதட்டியும் பார்த்தேன். அவர் உட்கார்ந்த வேலி மூலையில் போய்ப் படுத்துக்கொள்கிறான். எனக்கே சாப்பாடு இறங்கவில்லை, இவனுக்கு யார் சொல்லிப் புரிய வைப்பது.

செப்டம்பர் 7, ஞாயிறு

அவர் எழுதினதற்கு மூன்று நாள் முன்னாலேயே மயிலை ஈன்றுவிட்டது. கிடாரிக் கன்று. நெற்றியில் காலணா அளவு வெள்ளை. தாய் நக்கிவிட்ட கால்மணி நேரத்தில் எழுந்து நின்றது. வேலிக்கு அந்தப் பக்கத்துக் காட்டு மயிலாத்தாள் வந்து கூட நின்றாள். எங்கள் பங்காளி சென்னப்பன் பெண்டாட்டி. சென்னப்பன் தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து இரண்டு வருசமாகக் கட்டிலில் கிடக்கிறான். பதினெட்டு ஆட்டை வைத்துக்கொண்டு அவள்தான் குடும்பத்தை இழுக்கிறாள்.

மத்தியானம் நஞ்சுக்கொடி விழுந்தது. அதை வைக்கோலில் சுற்றி, சாக்கில் கட்டி, ஊர் எல்லையில் இருக்கிற ஆலமரத்துக் கிளையில் தொங்கவிட வேண்டும். பால் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகும் என்பார்கள். நாய் வாய்க்கு எட்டக்கூடாது என்பதுதான் உண்மையான காரணம் என்று அவர் சொல்வார். ஒவ்வொரு ஈற்றுக்கும் அவரே எடுத்துப் போவார். ஒன்றரை மைல். எனக்கு முழங்கால் இருக்கிற லட்சணத்தில் அவ்வளவு தூரம் போய்வருவது பெரும்பாடு. மயிலாத்தாளிடம் கேட்டால் போவாள், ஆனால் கட்டிலில் இருக்கிற மனுசனுக்குச் சோறு ஊட்டுகிற நேரம். அதனால் கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டினேன். மழை இல்லாத மண், கடப்பாரை குத்தினால் கை அதிர்கிறது. அரை முழத்துக்கு மேல் இறங்கவில்லை. போட்டு மூடி, முள்ளை வெட்டி மேலே வைத்தேன்.

சாயங்காலம் பார்த்தால் மேஸ்திரி முள்ளை ஒதுக்கிவிட்டுத் தோண்டிக்கொண்டிருந்தான். குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். பக்கத்தில் போய் நின்றுவிட்டேன். அவன் தின்றான். இருபத்தாறு நாளுக்கு அப்புறம் தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றான். குச்சியைக் கீழே போட்டுவிட்டேன். பொழுது சாய்ந்ததும் பால் ஊற்றிச் சோறு வைத்தேன், அதையும் வழித்து நக்கிவிட்டான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நானும் இரண்டு கவளம் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

சீம்பால் காய்ச்சினேன். மயிலாத்தாளுக்கு ஒரு தூக்குப் போசி நிறையக் கொடுத்தேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

இன்று ஒரு ஆடு குட்டி போட்டது, செத்த குட்டி. தாயாடு அதையே மோந்துகொண்டு நின்றது. பார்க்கச் சகிக்காமல் எடுத்துக்கொண்டு வந்தேன். கடப்பாரையைப் பார்த்தேன், மண்ணைப் பார்த்தேன். மேஸ்திரி பின்னாலேயே வந்தான். மூன்று நாளாக மறுபடியும் சோற்றில் பாதியை மீதி வைக்கிறான்.

புதைத்தாலும் நரி தோண்டத்தான் போகிறது. வெளி நரி தின்பதை வீட்டு நாய் தின்றால் என்ன. கொட்டகைக்குப் பின்னால் போட்டேன்.

பூபதி போன் செய்தான். "மேஸ்திரி சாப்புடறானா?" என்று கேட்டான். "நல்லாத் திங்கறான்" என்றேன். என்னைச் சாப்பிட்டாயா என்று அதற்கப்புறம்தான் கேட்டான். அப்பன் புத்தி.

செப்டம்பர் 26, வெள்ளி

ஆட்டுக்கெல்லாம் குடற்புழு மருந்து ஊற்றினேன். இருபத்தாறையும் ஒருத்தியே பிடித்து, வாயைத் திறந்து ஊற்றி முடிப்பதற்குள் பாதி மருந்து என் சேலைக்குத்தான் போயிற்று. என் வயிற்றில் புழு இருந்தால் அதுவும் செத்திருக்கும்.

மயிலாத்தாளின் ஆட்டுக்குட்டி ஒன்று செத்துக் கிடந்தது. கழுத்தில் கடி, தொடையில் சதை இல்லை. தார் ரோட்டோரப் பள்ளத்தில் கோழிக்கடைக் கழிவைக் கொட்டுகிறார்கள், அதைத் தின்று பழகிய நாய்கள் சுற்றுகின்றன. அதுகளின் வேலைதான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

மேஸ்திரி காலையில் சோறு தின்னவில்லை. வண்டிக்கடியில் படுத்துத் தூங்கிக்கொண்டே இருந்தான். வெயில் அதிகம்.

செப்டம்பர் 27, சனி

மேஸ்திரியைக் குளிப்பாட்டினேன். உண்ணி.

அக்டோபர் 5, ஞாயிறு

மயிலாத்தாளுக்கு இன்னும் இரண்டு ஆடு போயிற்று. இந்த முறை பெரிய ஆடு. மேற்குக் காட்டு ரத்தினத்துக்கும் ஒன்று. ரத்தினம் முப்பது ஆடு வைத்திருக்கிறவன், கோபக்காரன். என் வாசலுக்கு வந்து நின்றான்.

"பெரிம்மா, உங்குளுது ஒண்ணும் போகலீங்களா?"

"இல்லப்பா."

"மேஸ்திரி இருக்கறதுனாலதான். உங்க வேலியத் தாண்ட எந்த நாயிக்குங்க தைரியம் வரும்? எனக்கும் இவனாட்டம் ஒருத்தன் வேணும்" என்று மேஸ்திரியின் தலையைத் தடவினான். மேஸ்திரி அவன் கையை நக்கினான். நான் காப்பி வைக்கிறேன் என்று உள்ளே போனேன்.

மேஸ்திரியின் கழுத்துக் கயிற்றில் ஆட்டு முடி சிக்கியிருந்தது. இங்கே இருபத்தாறு ஆட்டோடு படுத்துப் புரளுகிறவன், கயிற்றில் ஆட்டு முடி இல்லாமல் பூனை முடியா இருக்கும். கயிற்றை அடுப்பில் போட்டுவிட்டு வேறு கட்டினேன்.

அக்டோபர் 6, திங்கள்

ரத்தினமும் இன்னும் மூன்று பேரும் கோழிக்கழிவுப் பள்ளத்தில் இருந்த செம்பட்டை நாயை அடித்துக் கொன்றுவிட்டார்கள். நான் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு அந்த வழியாக வந்தேன். பள்ளத்தோரம் இழுத்துப் போட்டிருந்தார்கள். பெட்டை. மடி தொங்கிக்கொண்டிருந்தது. எங்கேயோ குட்டி போட்டிருக்கிறது. நான் அதைப் பார்க்கவில்லை என்றுதான் எழுத நினைத்தேன், ஆனால் பார்த்தேன்.

ரத்தினம் உருட்டுக்கட்டையை ஊன்றிக்கொண்டு, "இனி நிம்மதியாத் தூங்குங்க பெரிம்மா" என்றான். நல்ல வேலை செய்தாயப்பா என்று நான் சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

எல்லோரும் வந்து பார்த்தார்கள். மூன்று ஆடு பறிகொடுத்த மயிலாத்தாள் மட்டும் வரவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

மாட்டுச் சங்கிலியை எடுத்து மேஸ்திரியைக் கட்டிப் போட்டேன். பிறந்ததிலிருந்து அவன் கட்டுண்டு பழகினதில்லை. ஊரெல்லாம் நாயை அடிக்கிற நேரம், பாதுகாப்புக்குத்தான்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஐந்து நாளாக யார் ஆடும் போகவில்லை. செம்பட்டை நாய் செத்ததும் பீடை ஒழிந்தது என்று ஊரில் பேச்சு. ரத்தினத்துக்கு மாலை போடாத குறை.

மேஸ்திரி அழுகிறான். குரைக்கவில்லை, அழுகிறான். ஆட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது சங்கிலியை இழுத்துக்கொண்டு பின்னங்காலில் நிற்கிறான். அவனோடு பேசிப் பார்த்தேன். கூடவே உட்கார்ந்து அவரைப் பற்றி, பூபதியைப் பற்றி, மயிலை கன்றுக்குப் பேர் வைக்காததைப் பற்றியெல்லாம் சொன்னேன். முழங்காலில் தலையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். மனுசர்களிடம் பேசினால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தொலைக்கிறார்கள். இவன் தேவலை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. இந்த வருசம் எங்களுக்குப் பண்டிகை இல்லை. மயிலாத்தாள் முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து கொடுத்தாள். மேஸ்திரியைப் பார்த்தாள். சங்கிலி உரசி அவன் கழுத்தில் புண் வந்திருக்கிறது. "புழு வெச்சிருமுங்கக்கா. வேப்பெண்ணெ போடுங்க" என்றாள். எதற்காகக் கட்டியிருக்கிறாய் என்று ஊரில் மற்ற எல்லோரும் கேட்டாயிற்று. அவள் கேட்கவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

புண்ணில் புழு. வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் போட்டேன். சங்கிலி இனி ஆகாது. பழைய நூல் சேலையைக் கிழித்துத் திரித்து, புண் படாமல் மார்போடு சேர்த்துக் கட்டினேன். கெட்டியாகத்தான் கட்டினேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

நல்ல மழை. கொழுக்கட்டைப் புல் துளிர்க்கும்.

அக்டோபர் 28, செவ்வாய்

விடியற்காலையில் மயிலாத்தாள் கத்தின சத்தம் கேட்டு எழுந்தேன். வாசலில் சேலைத் துணி அறுந்து கிடந்தது. மேஸ்திரி இல்லை.

ஏழு ஆடு. பட்டிக்குள்ளேயே நாலு, வேலியோரத்தில் மூன்று. நாலு சினையாடு. ஒன்றுக்குக் குட்டி பாதி வெளியே வந்து கிடந்தது. தின்பதற்காகக் கொன்றது போலவே இல்லை, கடித்துக் கடித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. எட்டாவதாக ஒன்று கழுத்துத் தோல் கிழிந்து நின்றுகொண்டே நடுங்கியது. சென்னப்பன் கட்டிலில் இருந்தபடியே, "எத்தனை மயிலா? எத்தனைன்னு சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் கிழிந்த கழுத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவனால் எழுந்து வந்து பார்க்கவும் முடியாது. கடைசியில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதான்.

கால்நடை டாக்டரம்மா வந்து கிழிந்த ஆட்டுக்குத் தையல் போட்டார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். அது என் கையில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. என் கையை நம்பி நின்றது.

வீட்டுக்கு வந்தால் மேஸ்திரி வாசலில் நிற்கிறான். நனைந்திருந்தான். வாலை ஆட்டினான். விறகுக்கட்டையை எடுத்து அடித்தேன். கை ஓயுமட்டும் அடித்தேன். அவன் ஓடவில்லை, கத்தவில்லை, தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். பிறகு சங்கிலியை எடுத்துவந்து புண்ணின் மேலேயே கட்டினேன்.

இனி இந்தத் தாளில் பொய் எழுதிப் பிரயோசனமில்லை. முதல் குட்டி செத்த அன்றே எனக்குத் தெரியும். குளிப்பாட்டினது உண்ணிக்காக இல்லை, மார்பில் ரத்தம் காய்ந்திருந்தது. செம்பட்டை நாய் குட்டிக்காரி, தன் குட்டியை விட்டு அந்தப் பக்கம் அது எங்கேயும் போகாது என்றும் தெரியும். நூல் சேலை இரண்டு நாள் தாங்காது என்றும் தெரியும். அறுத்துக்கொண்டு போகட்டும், நான் அவிழ்த்துவிட்டதாக ஆகாது என்று நினைத்தேன். அதைவிடக் கேவலம் உண்டா.

அந்த ருசியைக் காட்டினவள் நான். கொடியை ஆலமரத்தில் கட்டாமல் விட்டேன், செத்த குட்டியைத் தூக்கிப் போட்டேன். அவன் தின்னட்டும், உயிரோடு இருக்கட்டும், அவரும் போய் இவனும் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று அது ஒன்றுதான் மனசில் இருந்தது. மயிலாத்தாளின் ஆடு எனக்குக் கண்ணில் படவில்லை.

அக்டோபர் 29, புதன்

மயிலாத்தாளிடம் போனேன். வேலிச் சந்தில் நுழைந்து போனேன், அவன் நுழைகிற அதே சந்துதான். பட்டியில் மண்ணைப் போட்டு ரத்தத்தை மூடிக்கொண்டிருந்தாள். மிச்சம் எட்டு ஆடு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன.

"மயிலா, எங்க மேஸ்திரிதாம்புள்ள" என்றேன்.

அவள் மண்வெட்டியை நிறுத்தவில்லை. "தெரியுமுங்கக்கா" என்றாள்.

"எப்ப இருந்து?"

"ரெண்டாந் தடவையே. வெடியக்கால வேளையில வேலிச் சந்துல போனத என்ற கண்ணாலயே பாத்தேன்."

தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தேன். "ஏம்புள்ள சொல்லலே?"

"எப்பிடிங்கக்கா சொல்றது? பெரிய மாமா போயி ரெண்டு மாசங்கூட ஆகலே. நீங்க அவங்கூடத்தான் பேசிக்கிட்டுக் கெடந்தீங்க. நான் வேலிக்கு இந்தப் பக்கம் புல்லு அறுத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன். இவனும் போயிட்டா அக்கா என்ன ஆவாங்கன்னு நெனச்சேன்." மண்ணைக் காலால் மிதித்துச் சமன் செய்தாள். "இந்த ஆடெல்லாம் யாரு குடுத்தது? இவரு மரத்துல இருந்து உழுந்தப்ப, மூணு குட்டியத் தூக்கிட்டு வந்து பெரிய மாமாதான் உட்டாரு. அதுல பெருகினதுதான் அத்தனையும். அவரு குடுத்தத அவரு நாயி திங்குது, செரி போகட்டும்னு மனசத் தேத்திக்கிட்டேன். அப்பறம் நீங்களே கட்டிப் போட்டீங்க. அக்காளுக்குத் தெரிஞ்சிருச்சு, இனி பாத்துக்குவாங்கன்னு நிம்மதியா இருந்தேன்."

அவள் இன்னும் இரண்டு வெட்டு மண்ணை அள்ளிப் போட்டாள்.

"நேத்துத்தாங்கக்கா எனக்குக் கோபம் வந்துச்சு" என்றாள். "அந்தத் துணியப் பாத்தேன். நீங்க கூட நாலு சுத்துச் சுத்தியிருக்கலாம்."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "எங்க பட்டியில எது வேணுமோ புடிச்சுக்க. சினையாடா ஏழு பாத்துப் புடிச்சுக்க" என்றேன்.

"ஆட்ட அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்றாள். "மொதல்ல..." என்று தொடங்கி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். என்ன சொல்ல வந்தாள் என்று எனக்கு விளங்கியது. அதை அவள் வாயால் சொல்ல மாட்டாள், நான்தான் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 30, வியாழன்

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். ஆட்டு ரத்தம் பழகின நாயைத் திருத்த முடியாது, ஆயுசுக்கும் சங்கிலியில் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஊசி என்றார். "நீங்களே யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார். கழுத்துப் புண்ணைப் பார்த்தேன். எட்டு ஏக்கரில் ஓடினவன். சனிக்கிழமை வரச் சொன்னேன்.

பூபதியிடம் சொன்னேன். "அப்பா இருந்தா என்னம்மா பண்ணியிருப்பாரு?" என்றான். உங்கப்பா இருந்திருந்தால் இது நடந்தே இருக்காதடா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

நவம்பர் 1, சனி

பத்து மணிக்கு டாக்டரம்மா வந்தார். மயிலாத்தாளும் வந்தாள், நான் கூப்பிடவில்லை.

"ஒரு தடவை அவுத்து உடட்டுங்களா?" என்று கேட்டேன். டாக்டரம்மா மயிலாத்தாளைப் பார்த்தார். மயிலாத்தாள் போய் வேலிச் சந்தில் முள்ளை இழுத்து அடைத்துவிட்டு வந்து, "உடுங்கக்கா" என்றாள்.

அவிழ்த்ததும் எங்கே ஓடுவானோ என்று பார்த்தேன். நேராக எங்கள் ஆடுகளிடம் போனான். ஒரு ஆடும் மிரளவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன. தையல் போட்ட அந்த ஆட்டின் நடுக்கம் என் கையில் இன்னும் இருக்கிறது, இங்கே ஒரு குட்டி அவன் முதுகில் முன்னங்காலைத் தூக்கி வைத்து விளையாடுகிறது. அவன் அதை மூக்கால் ஒதுக்கிவிட்டு மேட்டில் ஏறி உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்தான். எங்கள் ஆட்டில் ஒன்றைக்கூட அவன் என்றைக்கும் தொட்டதில்லை.

டாக்டரம்மா அங்கேயே போனார். நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். மயிலாத்தாள் பின்னங்காலைப் பிடித்துக்கொண்டாள். முதல் ஊசி மயக்கத்துக்கு. குத்தும்போது என்னை நிமிர்ந்து பார்த்தான். அடித்த அன்றைக்குப் பார்த்த மாதிரி இல்லை, சாதாரணமாக, இது என்ன என்று கேட்கிற மாதிரிதான் பார்த்தான். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்றேன். இரண்டாவது ஊசிக்கு அவனுக்குத் தெரியவில்லை. சுற்றிலும் ஆடுகள் புல்லைக் கடித்து இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

குழியை மயிலாத்தாள் வெட்டினாள். மழையில் நனைந்த மண், இடுப்பளவு இறங்கிவிட்டது. மண்ணைத் தள்ளும்போது எனக்கு அழுகை வந்தது. வந்தது நிற்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, அவர் பேரைச் சொல்லி அழுதேன். அவர் போன அன்று நான் இப்படி அழவில்லை. வந்தவர்களுக்குப் பாய் போட வேண்டியிருந்தது, காப்பி வைக்க வேண்டியிருந்தது, மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டியிருந்தது. மயிலாத்தாள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தோளில் கை வைக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள். போகும்போது, "மாட்டுக்குத் தண்ணி நான் காட்டிட்டேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நவம்பர் 2, ஞாயிறு

ஏழு ஆட்டை நானே ஓட்டிக்கொண்டுபோய் மயிலாத்தாள் பட்டியில் விட்டேன். சென்னப்பன் கட்டிலில் இருந்தபடி, "எதுக்குங்க நங்கை இதெல்லாம்" என்றான். அண்ணி முறைக்கு என்னை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். அவனுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. "எண்ணிக்கோ" என்றேன். அவன் எண்ணினான்.

நவம்பர் 3, திங்கள்

காலையில் பால் சொசைட்டிக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு பேர் கேனை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ரத்தினமும் இருந்தான். மயிலாத்தாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. நானும் விடாமல் இருந்தால் மேஸ்திரி வயசாகிச் செத்தான் என்று ஊர் நம்பிவிடும். மயிலாத்தாள் ஆட்டைக் கொன்றது பள்ளத்து நாய்தான் என்று இன்னும் இரண்டு நாயை அடிக்கக் கட்டையும் கையுமாக நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. "ஆட்டக் கடிச்சதெல்லாம் எங்க மேஸ்திரிதான். மொதல் குட்டியில இருந்து அவந்தான். சனிக்கெழமை ஊசி போட்டாச்சு. இனிமேல் எந்த நாயையும் அடிக்க வேண்டாம்."

ஒருத்தி என்னவோ முணுமுணுத்தாள். ரத்தினம் வரிசையை விட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். கத்துவான் என்று நினைத்தேன். அவனுக்கும் ஒரு ஆடு போயிருக்கிறது, கத்துவதற்கு நியாயம் உண்டு.

"அந்தச் செம்பட்ட நாய நாங்க அடிச்சமே, அன்னிக்கு உங்களுக்குத் தெரியுங்களா பெரிம்மா?" என்றான். மெதுவாகத்தான் கேட்டான்.

"தெரியும்பா" என்றேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கேன் மூடியைத் திறந்தான், மூடினான்.

"நான் சீட்டி அடிச்சுக் கூப்புட்டேனுங்க" என்றான். "சோறு போடக் கூப்புடறேன்னு நெனச்சு, வாலாட்டிக்கிட்டே வந்துச்சுங்க."

பாலை ஊற்றிவிட்டு, கேனைக்கூடக் கழுவாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.